நாலு பிளக்கும் நிரபராதிகள்

“வாயைத் திறக்கவே மாட்டேங்கிறியே, உனக்குக் காது மட்டும்தான் குடுத்து அனுப்பினாங்களா?”

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவளிடம் கேட்ட கேள்வி இது. வகுப்பே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவள் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷத்தோடு படிப்பு நின்றது. காது மட்டும் நிற்காமல் வேலை செய்தது. இப்போது முப்பத்தெட்டு வயதில் அவள் ஒரு பட்டறைக்குச் சொந்தக்காரி. பழைய கார் ஏதாவது வாசலில் வந்து நின்றால் அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பாள். அப்புறம் விரலை நீட்டி, “இங்கே” என்பாள். பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வாய்க்கு வேறு ஆள் வைத்திருந்தாள். கணவனின் தம்பி. முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். மாத்திரையின் குணத்தோடு பக்கவிளைவையும் சேர்த்து டாக்டர்களிடம் விலாவாரியாகச் சொல்லிவிட்டதால் வேலை போயிற்று. பட்டறையில் சேர்ந்த முதல் நாளே வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினான்: ‘கார் துப்பறியும் நிலையம். சாவியைக் கொடுக்கவும். பொய்யைத் தவிர்க்கவும்.’ அவன் நாள் முழுக்க “அண்ணி, அண்ணி” என்று கூவிக் கூவி, கடைசியில் அந்த வட்டாரத்துக்கே அவள் அண்ணியாகிப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணியும் கொழுந்தனும் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றார்கள். ஸ்கூல் என்றால் ஒரே ஓர் அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம், ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. வாசலில் ஒரே ஒரு நீல நிறக் கார். வயது இருபத்தெட்டு. தலையில் ‘L’ என்று சிவப்பாக ஒரு பலகை.

நடத்துகிறவர் ஒரு டீச்சர். ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக், பிரேக் என்று கத்தியதில் சாதாரணப் பேச்சும் அதே சுருதியில்தான் வரும்.

“மூணு வெள்ளிக்கிழமையா என் மானம் போகுதும்மா! டெஸ்ட்ல ஸ்டாப் கோட்டுக்கிட்ட போய் நின்னதும், குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. நடுங்கி நடுங்கி, பொசுக்குனு அணைஞ்சிடுது.”

“ஓடும்போது?” என்றாள் அண்ணி.

“ஓடும்போது ராணி மாதிரி ஓடும்.”

“நின்னா நடுக்கம், ஓடினா சரியாயிடும்,” என்றான் கொழுந்தன். “கல்யாணத்தன்னைக்கு எங்க அண்ணனும் இதே கேஸ்தான் டீச்சர். என்ன, அவனை ஓட விடலை.”

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் டூல் பையைத் திறந்து ஸ்பேனர்களை எண்ண ஆரம்பித்தான்.

டீச்சர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். லைசென்ஸ் ஆபீசின் ஆய்வாளர் அனுப்பியது. தொடர்ந்து நாலு டெஸ்ட் நாளில் ஒரு மாணவர்கூட அந்தக் காரில் பாஸாகவில்லை என்றால் கார் பட்டியலிலிருந்து நீக்கப்படும். இருப்பது ஒரே கார். கார் போனால் ஸ்கூலும் போயிற்று.

“மூணு போயிடுச்சு. இன்னைக்கு நாலாவது. மதியம் மூணு மணிக்கு டெஸ்ட்.”

“எத்தனை பேர் ஓட்டுறாங்க?”

“ஒரே ஒருத்தர். இருந்த ஒரு நர்ஸ் பொண்ணும் இந்தக் காரை நம்பி உட்கார மாட்டேன்னு எதிர்ல ஸ்கூல் வச்சிருக்கிறவன் கடைக்குப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது இந்த ஐயா மட்டும்தான்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் தெருமுனைக்குக் கேட்டது. “மூணு தடவையும் ஓட்டினது இவர்தான். என் காரால மூணு தடவை ஃபெயில். ஆனா ஒரு வார்த்தை கோபமா பேசல. வேற ஸ்கூலுக்கும் போகல. தங்கம்! இந்த லெட்டர் விஷயம் அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. பாவம், பதறிப் போயிடுவார்.”

பெஞ்சில் உட்கார்ந்து சாலை விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார் தங்கம். அறுபத்திரண்டு வயது. இஸ்திரி கலையாத சட்டை. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோரும் அவரை ஃபைல் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்ததோ என்னவோ, தலையை நிமிர்த்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போனார்.

“மெக்கானிக் யாரும் பார்க்கலையா?”

“ரெண்டு பேர் பார்த்தாச்சு. ஒருத்தன் நாலு பிளக்கையும் மாத்தினான். இன்னொருத்தன் கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினான். அவங்க பட்டறைக்குக் கொண்டு போனா பூனைக்குட்டி மாதிரி நிக்கும். ‘காருக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், உங்களுக்குத்தான் நடுக்கம்’னு ஒருத்தன் சிரிச்சான். போன வாரத்துல இருந்து மட்டும் எப்பவுமே லேசா ஒரு உதறல் இருக்கு.”

அண்ணி திரும்பினாள். “அதுக்கு முன்னாடி?”

“டெஸ்ட் அன்னைக்கு மட்டும்தான்.”

இதைச் சொல்லிவிட்டு டீச்சர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைக் கைகாட்டினார். மூன்று புதுக் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஒரு காரின் மேல் சாய்ந்து நின்றார்.

“எனக்கு சந்தேகமே இல்ல. எல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடி வேலைதான்.”

*

அண்ணி காரை ஸ்டார்ட் செய்து, ஒரு டம்ளர் தண்ணீரை பானெட்டின் மேல் வைத்தாள். தண்ணீர் விளிம்புவரை எகிறி எகிறிக் குதித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. விரல் நீளவில்லை.

“என்ன அண்ணி, இன்னைக்கு நெட்வொர்க் இல்லையா?”

“டம்ளரை எடு. சந்தேகப்படறவங்களை ஒவ்வொருத்தரா விசாரிக்கணும்.”

பானெட்டைத் தூக்கினாள். உள்ளே இன்ஜினின் தலையில் நான்கு பிளக்குகள், நான்கு கறுப்பு வயர்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஓடும் இன்ஜினில் முதல் வயரை மெல்லப் பிடுங்கினாள். இன்ஜின் தடுமாறி, இன்னும் மோசமாக ஆடியது. மாட்டினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள், அதே தடுமாற்றம். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே.

“புரியலையே,” என்றார் டீச்சர். “பிடுங்கினா ஆடத்தானே செய்யும்?”

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். விளக்கம் சொல்வது அவன் இலாகா.

“ஒரு வீட்டுல நாலு பேர் இருக்காங்க டீச்சர். ஒவ்வொருத்தரா வெளியூர் அனுப்பிப் பார்க்கிறோம். எவன் இல்லாட்டியும் வீட்டுல ஒரு வேலையும் நிக்கலையோ, அவன்தான் சும்மா உட்கார்ந்து சாப்பிடறவன்.” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். “ஏன் அண்ணி என்னையே பார்க்கிறீங்க?”

“சும்மாதான்.”

“இங்க நாலு பேரும் ஒழுங்கா உழைக்கிறாங்க. நாலு பிளக்கும் நிரபராதி. விடுதலை பண்ணிடலாம்.”

அண்ணி ஆக்ஸிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தாள். இன்ஜின் வேகம் ஏறியது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. விட்டாள், நடுக்கம் திரும்பி வந்தது. பிறகு பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்பரேட்டரின் வாயில் கையை வைத்துப் பாதி மூடினாள். அணைந்துவிடும் என்று டீச்சர் பயந்தார். மாறாக இன்ஜின் கொஞ்சம் நிதானப்பட்டது.

“காத்து,” என்றாள் அண்ணி. “வாசல் வழியா வர்றது போதாதுன்னு எங்கேயோ திருட்டு வழியா உள்ளே போகுது. நிக்கும்போது இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மூச்சு விடும். அப்போ ஊசிமுனை ஓட்டையும் அதைக் கலைச்சிடும். ஓடும்போது வாயைப் பெரிசாத் திறந்து மூச்சு விடுது. அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்ல.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி டீச்சர் கேட்டதில்லை. கொழுந்தனே கேட்டதில்லை.

“அண்ணி, என் வேலைக்கு உலை வைக்காதீங்க.”

“நீ எதிர்த்த கடைக்குப் போய்ப் பேச்சுக் குடு. டெஸ்ட் நாள்ல என்ன பார்த்தாருன்னு கேளு. சண்டை இழுக்காதே.”

அவன் போனதும் அவள் சோப்புத் தண்ணீர் நிறைத்த பாட்டிலையும் ஒரு முழ நீள ரப்பர் குழாயையும் எடுத்தாள். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினின் இண்டு இடுக்கெல்லாம் நகர்த்தினாள். கார்பரேட்டரின் அடியில் ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லை. காற்று வடிகட்டியின் டப்பாவுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத ஒரு மூலையில், யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது போல ஒரு சன்னமான ‘ஸ்ஸ்ஸ்’. அந்தத் திசையில் சோப்புத் தண்ணீரைப் பீச்சினாள். இரண்டே நொடி, இன்ஜின் வெண்ணெய் போல ஓடியது. நுரையை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி நடுக்கம்.

“அங்கே ஒரு சின்ன ரப்பர் மூடிதானே இருக்கு?” என்றார் டீச்சர். “முன்னாடி வச்சிருந்தவர் அதுல ஏதோ குழாய் சொருகியிருந்தார். அதை எடுத்துட்டு மூடி போட்டிருக்கு. அது கழண்டா நின்ன இடத்துல நடுங்கும்னு எனக்கே தெரியும். முதல் சந்தேகமே எனக்கு அதுதான். ஒவ்வொரு தடவையும் கையை விட்டுத் தடவிப் பார்த்தேனே, மூடி இருந்துச்சே!”

“அது கழண்டா நடுங்கும்னு வேற யாருக்குத் தெரியும்?”

“என்கிட்ட படிச்ச எல்லாருக்கும்!” டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. “என் ஸ்கூல்ல சும்மா ஸ்டியரிங் பிடிச்சா போதாது. ஏறி உட்காரும் முன்னாடி பானெட்டைத் திறந்து ஆயில், தண்ணி, பெல்ட், குழாய் எல்லாம் பார்க்கணும். டெஸ்ட் அன்னைக்கும் அதேதான். இதுக்கு நான் பக்கத்துல நிக்க மாட்டேன். அவங்களாவே செய்யணும். எதிர்த்த கடைக்காரன் இதெல்லாம் சொல்லித் தர்றானா கேளுங்க!”

அண்ணி ரப்பர் குழாயைச் சுருட்டினாள். அவள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல் ஐயா பக்கத்தைப் புரட்டப் போனார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. துழாவியது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது. கட்டை விரலை நாக்கில் தொட்டு, வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினார்.

*

கொழுந்தன் இரண்டு கேலியோடும் ஒரு செய்தியோடும் திரும்பினான்.

“கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு கண்ணுல கட்டி. அதான் கண்ணாடி. வில்லன் இல்ல, சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கார். ‘என் மூணு காருக்கே போதுமான ஆள் இல்ல, இந்தம்மா காரை நான் எதுக்குத் தொடப்போறேன்’னு கேட்கிறார். ஆனா ஒண்ணு சொன்னார் அண்ணி. மூணு தடவையும் கார் அணைஞ்சதும், டீச்சர் ஆய்வாளர்கிட்ட கத்தப் போவாங்களாம். அந்த நேரம் நம்ம ஃபைல் ஐயா இறங்கி ஓடி வந்து பானெட்டைத் திறந்து தலையை விட்டுப் பார்ப்பாராம். ‘ஃபெயிலானவன் எவனும் அழுவான், இல்ல என்னைத் திட்டுவான். இவர் மட்டும் காருக்கு முதலுதவி பண்றார், எவ்ளோ நல்ல மனுஷன்’னு சொன்னார்.”

“ஆமா,” என்றாள் அண்ணி. “ரொம்ப நல்ல மனுஷன்.”

அந்த ‘ரொம்ப’வில் கொழுந்தனுக்கு ஏதோ பொறி தட்டியது. “அண்ணி... ஒரு காரால மூணு தடவை ஃபெயிலானா, எந்த மனுஷனும்...”

“காரை மாத்துவான். டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? ஃபில்டர் தண்ணியா இருந்தா நல்லது.”

முனைக் கடை வரைக்கும் போனால்தான் கிடைக்கும் என்று டீச்சர் கிளம்பினார். அவர் தெரு திரும்பியதும் அண்ணி இன்ஜினை அணைத்தாள். பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து அந்த மூலைக்குள் பிடித்தாள். கண்ணாடியில் ஒரு ரப்பர் மூடி தெரிந்தது. சுற்றிலும் இருபத்தெட்டு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. மூடியின் மேல் பிசுக்கே இல்லை. அடியில் நூலால் இறுக்கிச் சுற்றி, மூன்று முடிச்சு போட்டிருந்தது. முடிச்சின் நுனிகள் சமமாக வெட்டப்பட்டிருந்தன.

“ஃபைல் கட்டற முடிச்சு,” என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

அவள் நூலை அறுத்து மூடியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தாள். ஆரஞ்சு நிறம். மேலெல்லாம் குட்டிக் குட்டிப் பருக்கள். நுனியில் விரலுக்குக் காற்று படுவதற்காக ஐந்தாறு ஊசித் துளைகள். ரெக்கார்டு ரூமில் தாள் புரட்டுகிறவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை.

“தடவிப் பார்த்தா மூடி இருக்கும். ஆனா இது மூடி இல்ல. காத்தோட்டமான மூடி.” கொழுந்தன் சீட்டியடித்தான். “அதான் போன வாரத்துல இருந்து எப்பவுமே உதறல்!”

அண்ணி நேராகப் பெஞ்சுக்குப் போனாள். போகிற வழியில் அவளுக்கு வியர்த்தது. இன்ஜினோடு பேசுவது சுலபம். மனிதர்களோடு பேசும்போது இன்னும் எட்டாம் வகுப்புதான். அவள் உறையைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

ஃபைல் ஐயா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். ஓடிப் போகவில்லை. சத்தம் போடவில்லை. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் கொஞ்சமாவது திணற வேண்டாமா? இவர் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய மூச்சு.

“தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு நன்றிம்மா. ஒரு வாரமா பேப்பர் படிக்க முடியல.”

“பழைய மூடி எங்க ஐயா?” என்றான் கொழுந்தன்.

“முதல் ரெண்டு தடவை கழட்டி, பைக்குள்ள வச்சு, டெஸ்ட் முடிஞ்சதும் மாட்டிட்டேன். மூணாவது தடவை மாட்டும்போது கை நழுவி எங்கேயோ உள்ள விழுந்துடுச்சு. டீச்சர் வேற திரும்பி வர்றாங்க. பையில இதுதான் இருந்துச்சு. அப்போதைக்குச் சொருகிட்டு, மறுநாள் பானெட் பார்க்கிறப்போ நூல் சுத்திக் கட்டினேன், அளவா நின்னுச்சு.”

“ஏன் ஐயா?”

அவர் மடித்த ஒரு தாளைப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட அட்டவணை. கொழுந்தன் வாய்விட்டுப் படித்தான்.

“ஏழரை, பெரியவ பசங்க ஸ்கூல். எட்டரை, நடுவுள்ளவ ஆபீஸ். பத்து, சின்னவ மாமியார், பல் டாக்டர். பன்னிரண்டு, பெரியவ பசங்களுக்குச் சாப்பாடு. ரெண்டு, நடுவுள்ளவ பாப்பா, டான்ஸ். ஞாயிற்றுக்கிழமை...” அவன் நிறுத்தினான். “ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பக்கம் போகுது அண்ணி.”

“எனக்கு மூணு பொண்ணுங்கம்மா. தங்கமான பொண்ணுங்க. மூணு பேரும் சேர்ந்து ஒரு கார் வாங்கி வச்சிருக்காங்க. அப்பாவுக்கு லைசென்ஸ் வந்ததும் அப்பாவுக்கும் பொழுது போகும், எங்களுக்கும் கவலை இல்லன்னு சொல்றாங்க. இதே அட்டவணையை லேமினேட் பண்ணி டாஷ்போர்டுல ஒட்டிட்டாங்க.” அவர் குரல் இறங்கியது. “முப்பத்தஞ்சு வருஷம் மணியடிச்சா உட்கார்ந்தேன், மணியடிச்சா எழுந்தேன். என் பொண்ணுங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வராதும்மா. ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. சரி, நாம சொல்ல வேண்டாம், கார் சொல்லட்டும்னு...”

கொழுந்தன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். அண்ணி சிரிக்கவில்லை. டீச்சர் சொல்லாதே என்று சொன்னதை அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் இருந்த குறும்பெல்லாம் வடிந்துபோயிற்று.

“லெட்டர்னு ஏதோ காதுல விழுந்துச்சு... இதுன்னு எனக்குத் தெரியாதே. சத்தியமா தெரியாதும்மா.”

“உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் டீச்சர் மறைச்சாங்க. நீங்க பதறுவீங்களாம்.”

“இன்னைக்கு நான் பாஸானாத்தான் ஸ்கூல் இருக்கும்.”

“ஆமா.”

“பாஸானா நாளைக்குக் காலையில ஏழரை...”

“ஆமா.”

அவள் காரிடம் போனாள். டூல் பையிலிருந்து சரியான அளவில் ஒரு புது மூடியை எடுத்துச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கினாள். காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் ‘ஙொய்’ என்று கத்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தைய மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றி வைத்திருந்தான். அவள் அதை ஒன்றரைச் சுற்று இறக்கினாள். டம்ளர் தண்ணீரை பானெட்டின் மேல் வைத்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. மூக்குக்கூட ஆடவில்லை.

“கார் இனிமே எதுவும் சொல்லாது ஐயா,” என்றாள். “அதுக்கு நான் பொறுப்பு. மத்தது உங்க கையிலதான் இருக்கு.”

தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த டீச்சர் இன்ஜினைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், கத்தினார்: “யாரு செஞ்சது? எதிர்த்த கடைதானே?”

“மூடி சரியில்ல டீச்சர்,” என்றாள் அண்ணி. “மாத்தியாச்சு.”

*

டெஸ்ட் மைதானத்தில் ஆய்வாளர் கையில் அட்டையோடு காத்திருந்தார். சிரிக்க வேண்டுமென்றால் மேலிடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகம். வேலிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் பக்கத்தில் மூன்று மகள்கள். காரை ஓட்டிக்கொண்டு வந்த மூத்த மருமகன் அவர்களை இறக்கிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிட்டார். திரும்பும்போது அப்பாதான் ஓட்டப்போகிறாரே.

“போன மூணு தடவையும் இதேதான் சொன்னோம்,” என்றாள் நடுமகள். “நடந்தே போனோம்.”

“இன்னைக்கு எனக்கு மனசு சொல்லுதுடி,” என்றாள் பெரியவள்.

நீலக் கார் கிளம்பியது. கூம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போயிற்று. ஒன்றுகூட அசையவில்லை. பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்தி, மேட்டில் ஏறி இறங்கிற்று. எட்டு மாசம் கற்றுக்கொண்டவர் ஆயிற்றே, ஆய்வாளரே இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி ரசிக்கலாமா என்று பார்க்கும்படி ஓட்டினார். கடைசியில் ஸ்டாப் கோடு. அங்கே இன்ஜின் ஓட, கார் நிற்க, ஆய்வாளர் பத்து எண்ணுவார்.

“ஒண்ணு.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி திறந்துகொண்டாள். காரின் மேல் அவளுக்குச் சந்தேகமில்லை.

“நாலு. அஞ்சு.”

கண்ணாடி வழியாக ஃபைல் ஐயாவின் முகம் தெரிந்தது. அவர் வேலிப்பக்கம் பார்த்தார். மூன்று மகள்களும் கையை ஆட்டினார்கள். அவர் கை ஸ்டியரிங்கிலிருந்து மெல்ல இறங்கிச் சாவியின் பக்கம் போயிற்று.

“அண்ணி,” என்று கிசுகிசுத்தான் கொழுந்தன், “கை போகுது, கை போகுது.”

“ஏழு.”

ஐயா இந்தப்பக்கம் திரும்பினார். கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைய நிற்கும் டீச்சரைப் பார்த்தார்.

“எட்டு. ஒன்பது.”

கை மேலே ஏறிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

“பத்து. பாஸ்.”

டீச்சர் போட்ட சத்தத்தில் மைதானத்தின் மறுகோடியில் ஓட்டிக்கொண்டிருந்த யாரோ சடன் பிரேக் போட்டார். அவர் ஓடிப்போய்க் காரைக் கட்டிப்பிடித்தார். அப்புறம்தான் ஐயா ஞாபகம் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆய்வாளர் தற்காலிக லைசென்ஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். ஐயா அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தோளைத் தொங்கப் போட்டு, வேலியைப் பார்த்து நடந்தார்.

“பாவம் அண்ணி,” என்றான் கொழுந்தன். “ஆயுள் தண்டனைக்கு நடந்து போற மாதிரி இருக்கு. நாமதான் பிடிச்சுக் குடுத்தோம்.”

அண்ணி டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வழக்குத் தீர்ந்த அன்று இப்படி இருக்கக் கூடாது.

“அப்பா!” பெரியவள் வெள்ளைக் கார் சாவியை நீட்டினாள். “நேரா என் பசங்க ஸ்கூல். மணி மூணே முக்கால் ஆச்சு.”

“வழியில என்னை ஆபீஸ்ல விட்டுடுங்கப்பா,” என்றாள் நடுவுள்ளவள்.

“மாமியாருக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான் டாக்டர்ப்பா,” என்றாள் சின்னவள். “இருங்க, என் பையை எடுத்துட்டு வந்துடறேன். அக்கா, உன் குடை எங்க வச்சே?”

மூன்று பேரும் வேலியோரம் வைத்திருந்த பைகளையும் குடையையும் எடுக்கத் திரும்பினார்கள். ஐயா சாவியை வாங்கினார். வெள்ளைக் காரைச் சுற்றி வந்து முதலில் பானெட்டைத் திறந்தார். ஆயில் பார்த்தார். தண்ணீர் பார்த்தார். பெல்ட், குழாய் எல்லாம் தொட்டுப் பார்த்தார். மூடினார். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்டார்ட் செய்தார்.

டாஷ்போர்டில் ஏதோ கிழிபடுகிற சத்தம் அண்ணிக்குக் கேட்டது.

வெள்ளைக் கார் நகர்ந்தது. சின்னவள் கையில் பையோடு திரும்பிப் பார்த்தபோது அது பத்தடி தள்ளிப் போயிருந்தது.

“அப்பா? அப்பா, நாங்க ஏறலப்பா!”

“கதவு மூடியிருக்கே... அக்கா, அப்பா எங்க போறாரு?”

“பிராக்டீஸ் பண்றார் போல,” என்றாள் பெரியவள், நம்பிக்கையில்லாமல்.

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. அவன் டீச்சரின் கைப்பையை வாங்கி, அதிலிருந்து மூன்று தாள்களை உருவி, மகள்களிடம் போய் மிகுந்த மரியாதையோடு ஆளுக்கு ஒன்றாக நீட்டினான்.

“சேர்க்கை விண்ணப்பம். எட்டே மாசத்துல கத்துக்கலாம். உங்க அப்பா படிச்ச ஸ்கூல்தான்.”

மூன்று பேரும் விண்ணப்பத்தைப் பார்த்தார்கள், தெருவைப் பார்த்தார்கள். டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

வெள்ளைக் கார் மைதானத்தின் கேட்டுக்கு வந்து, அங்கே போட்டிருந்த கோட்டில் சரியாக நின்றது. இடது பக்கம் பெரியவளின் பிள்ளைகள் படிக்கும் ஸ்கூல், நடுவுள்ளவளின் ஆபீஸ், சின்னவளின் மாமியாருடைய பல் டாக்டர். வலது பக்கம் ஊரை விட்டு வெளியே போகும் ரோடு. ஃபைல் ஐயா இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை, கையசைக்கவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. வலது பக்கத்து விளக்கு முறைப்படி மூன்று தடவை கண் சிமிட்டியது. கார் திரும்பிப் போயே போய்விட்டது.